ஆறுமணிக்குருவி வரும் காலம்

அன்பான வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

திருகோணமலைக்கு சீசன் எப்போது என்று யாரைக் கேட்டாலும், மே தொடக்கம் செப்டெம்பர் வரை என்பார்கள். தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும், கடல் குளம் மாதிரிக் கிடக்கும், நிலாவெளியில் அறை கிடைக்காது. ஒக்டோபரில் காற்று வாடைக்குத் திரும்பியதும் கடற்கரைக் கதிரைகளை உள்ளே அடுக்கிவிடுவார்கள். எங்களுடைய சீசன் அப்போதுதான் களைகட்டும். எங்களுடைய என்றால், சனிக்கிழமை விடியப்புறம் பறவை பார்க்கப் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சேற்றில் நடந்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஏச்சு வாங்குகிற பத்துப் பதினைந்து பேர்.

வடக்கே குளிர் இறங்கினால் பூச்சி புழுவுக்குப் பஞ்சம் வரும், நீர்நிலை உறையும். அங்கே குஞ்சு பொரித்த பறவைகள் தெற்கே இறங்கும். அதற்குப் பிறகு நிலம் இல்லாத கடைசித் தரிப்பிடம் இலங்கை. ஓகஸ்ட் கடைசியிலேயே முதல் ஆட்கள் வந்துவிடுவார்கள். அதைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை, வாசலுக்கு வந்தால் போதும். நேற்று வெறுமையாக இருந்த மின்கம்பியில் இன்று நீலவால் பஞ்சுருட்டான்கள் வரிசையாக இருக்கும். ஒன்று பாய்ந்து தும்பியைப் பிடித்துக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பும், தும்பியைக் கம்பியில் அடி அடியென்று அடித்துத் தின்னும். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில் பார்த்துவிடலாம்.

ஆனால் எனக்கு ஆண்டு தொடங்குவது ஆறுமணிக்குருவியோடுதான். என்னோடு நடக்கிறவர்களுக்கு இந்தக் கதை அலுத்துப் போயிருக்கும். நீங்கள் புதிய ஆட்கள், அகப்பட்டுக்கொண்டீர்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒக்டோபர் நடுப்பகுதியில் ஒரு காலை. இரவெல்லாம் மழைக்காற்று. பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் எட்டி, "சேர், ஓடி வாங்கோ, குசினிக்குள்ள ஒரு கிளிக்குஞ்சு விழுந்து கிடக்கு" என்றார். போய்ப் பார்த்தால் தேங்காய் துருவுகிற பலகைக்குக் கீழே, சுவரோடு ஒட்டிக்கொண்டு ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, தோளில் பளிச்சென்று ஒரு நீலத் துண்டு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, வால் இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவுக்குக் கட்டை. நிறை 50, 60 கிராம் இருக்கும். இந்தியாவில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, இரவிலே கடலைத் தாண்டி வருகிற பறவை. களைத்துப்போய் விடியும்போது எங்கே ஒதுங்க முடியுமோ அங்கே விழும். வீட்டு விறாந்தையிலும் குசினியிலும் கண்டெடுப்பது அதனால்தான்.

அக்காவின் மகன் வாய்க்குள் தண்ணீர் விடப் பார்த்தான். வேண்டாம் என்றேன். இதை நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பறவையின் வாய்க்குள் தண்ணீர் ஊற்றக் கூடாது, அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சப்பாத்துப் பெட்டியில் நாலு துளை போட்டு, பழைய துவாய் விரித்து, அதற்குள் விட்டு மூடி, பூனை வராத அறையில் வைத்தோம். இருட்டும் அமைதியும்தான் அதற்கு மருந்து. பின்னேரம் வேலியோரம் பெட்டியைத் திறந்தோம். உடனே பறக்கவில்லை. கட்டை வாலை இரண்டு தரம் மேலும் கீழும் ஆட்டியது. சருகு ஒன்றைச் சொண்டால் புரட்டிப் பார்த்தது. அப்புறம் நடந்தே ஈச்சம் பற்றைக்குள் போய்விட்டது. அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு அந்தப் பற்றைக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் ஒரு விசில். அக்கா தேத்தண்ணிக் கோப்பையோடு மதிலடியில் நின்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

காலை ஆறு, மாலை ஆறு, அந்த நேரத்தை ஒட்டித்தான் அதிகம் கூவும், அதனால் அந்தப் பெயர். தமிழ்நாட்டில் பொன்னுத்தொட்டான் என்றும் சொல்வார்கள். 1996இல் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 2006 வரை பழைய நேரம், புதிய நேரம் என்று இரண்டைச் சொல்லிக்கொண்டு திரிந்தோமே. குருவி கடைசிவரை பழைய நேரத்திலேயே கூவியது. புதிய நேரப்படி அது ஆறரை மணிக்குருவி!

சரி, நடைக்கு வருகிறேன். தனியாகப் போகலாமே, ஏன் கூட்டமாக என்று கேட்பார்கள். ஒரு காலத்தில் தனியாகப் போய்த்தான் பைனாகுலரோடு ஒரு காவலரணில் ஒரு காலைப்பொழுது முழுக்க இருந்தேன். "யாரைப் பார்க்கிறாய்?" என்ற கேள்விக்கு "நாரையை" என்பது அந்த நாளில் நல்ல பதில் இல்லை. அது போகட்டும். இன்றைய காரணம் வேறு. என் கண் இரண்டுதான். அதோடு, படம் பார்த்துப் படித்த எனக்குத் தெரியாதது களப்பிலும் வயலிலும் நிற்கிற ஆளுக்குத் தெரியும்.

எங்களோடு கிண்ணியாவிலிருந்து ஒரு நானா வருவார், களப்பில் இறால் பிடிக்கிறவர். பைனாகுலர் கொடுத்தால் வாங்க மாட்டார், தலை சுற்றுதாம். ஒருநாள் உப்பாற்றுப் பக்கம் ஒரு பறவையும் கண்ணில் படவில்லை. நாங்கள் வானத்தைப் பார்க்க, அவர் குந்தியிருந்து சேற்றைப் பார்த்தார். "இந்தா, பின்னுக்கும் ஒரு விரல் நீளமாப் பதிஞ்சிருக்கு, கொக்கு. இதில முன்னுக்கு மூன்றுதான், பின்விரல் இல்லை. காலெல்லாம் சிவப்பா, நெட்டையா நிற்கும் பாருங்க, அதுட அடி." பவளக்கால் உள்ளானுக்குப் பின்விரல் இல்லை என்பதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். அது நடந்துபோன தடத்தில் விரல் வைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

மழை பெய்து தம்பலகாமத்து வயல்கள் நிரம்பினால் நத்தைகுத்தி நாரைகள் இறங்கும். ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. 1987இல் தொடங்கி ஆசியாவின் பல நாடுகளில் அதே மாதத்தில் நடக்கிறது. பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வைத்துக்கொண்டு, கூட்டம் முழுக்க அதை அடுக்கிப் போக வேண்டும். அதற்குள் ஒரு பருந்து மேலே வந்தால் அத்தனையும் எழும்பிவிடும், திரும்ப ஒன்றிலிருந்து. பருந்துக்காவது பசி. படம் எடுக்கிறேன் என்று கிட்டப் போய்க் கலைக்கிறவர்களோடுதான் எனக்கு ஓயாத சண்டை. ஏப்ரலில் திரும்பிப் பறக்கக் கொழுப்புச் சேர்க்கிற பறவையை நாலு தரம் எழுப்பினால்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடமாம். கச்சான் காலத்தைப் பற்றிச் சொல்லத்தான் தாளே எழுதிக்கொண்டு வந்தேன். சுருக்கமாக: புறாத்தீவுக்குப் பவளப்பாறை பார்க்கப் போகிறவர்கள் ஒருதரம் தலையை நிமிர்த்திப் பாறை இடுக்குகளைப் பாருங்கள். 2003இல் தேசியப் பூங்காவான அந்தத் தீவுக்குப் பெயர் கொடுத்த மாடப்புறாக்கள் அங்கே இருக்கின்றன. அடுத்தது, மே, ஜூனில் ஆள் நடமாட்டமில்லாத மணற்பரப்புகளில் சின்ன ஆலா என்ற கடற்பறவை வெறும் மணலில் முட்டையிடும், முட்டையும் மணல் நிறம்தான். அங்கே வாகனம் ஓட்டாதீர்கள். நாயைக் கட்டிப் பிடியுங்கள்.

வரும் சனிக்கிழமை நடை இருக்கிறது, பேருந்து நிலையத்துக்கு முன்னால் காலை ஐந்தே முக்காலுக்கு. பைனாகுலர் இல்லாவிட்டால் பரவாயில்லை, மாறி மாறிப் பார்க்கலாம். வெள்ளைச் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு வராதீர்கள். வணக்கம்.