வெயில் விழித்திரையைச் சுடுவதில்லை

(ராமேசுவரம் அருகே மண்டபம் என்ற ஊரில் மீனவர்களும் பாசி எடுக்கும் பெண்களும் பள்ளி ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)

அனைவருக்கும் வணக்கம்.

2010 ஜனவரி 15 அன்று, சூரிய கிரகணத்தின்போது, தனுஷ்கோடி மணலில் நின்றவர்களுக்குச் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்தது. நிலா நடுவை மறைத்துவிட்டது, விளிம்பு மட்டும்தானே மிச்சம், பார்த்தால் என்ன என்று அப்போது பலருக்கும் தோன்றும். மொத்த வெளிச்சம் குறைவது உண்மைதான். ஆனால் அந்த வளையத்தில் கடுகளவு இடத்தை எடுத்துப் பார்த்தால், அது இன்னும் சூரியன்தான். போதாக்குறைக்கு, மங்கலில் கண் கூசாது, கண்ணின் பாப்பாவும் விரிந்துகொள்ளும்.

சூரியனின் பிம்பம், கண்ணின் பின்பக்கத் திரையான விழித்திரையில் சுமார் 0.16 மில்லிமீட்டர் அகலத்தில் விழுகிறது. ஊசியில் நூல் கோக்கவும் வலைக்கண்ணை எண்ணவும் நாம் நம்பியிருக்கும், விழித்திரை நடுவிலுள்ள மையக்குழியின் அடிப்பகுதியே 0.35 மில்லிமீட்டர்தான். பிம்பம் நேராக அங்கேதான் போய் உட்காருகிறது.

"கண்ணைச் சுட்டுவிட்டது" என்கிறோம். விழித்திரை வெந்துபோக வேண்டுமானால் வெப்பம் சுமார் 10 டிகிரி ஏற வேண்டும். சுருங்கிய பாப்பாவோடு வெறுங்கண்ணால் பார்த்தால் ஏறுவது ஏறக்குறைய 4 டிகிரி. (பைனாகுலரில் பார்த்தால் கதை வேறு. அங்கே நிஜமாகவே வெந்துவிடும்.) அப்படியானால் சேதம் எப்படி வருகிறது? வேதியியலால்.

விழித்திரையில் ஒளியை உணரும் ஒளியுணர் செல்லுக்குள் தட்டுத் தட்டாக அடுக்கிய சவ்வுகள் இருக்கின்றன. அவற்றில் ஆப்சின் என்ற புரதமும், அதற்குள் வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த ரெட்டினல் என்ற மூலக்கூறும் இருக்கின்றன. இருட்டில் ரெட்டினல் வளைந்திருக்கும். ஒளித்துகள் ஒன்று பட்டதும் நிமிர்ந்துவிடும். பார்வை தொடங்குவது அந்த நிமிர்வில்தான். நிமிர்ந்த ரெட்டினல் பிறகு புரதத்தை விட்டுக் கழன்று வெளியே வருகிறது. அது ஆல்டிஹைடு என்ற வகைப் பொருள், புரதத்திலும் சவ்வுக் கொழுப்பிலும் இருக்கும் அமீன் என்ற நைட்ரஜன் பகுதி எது கிடைத்தாலும் ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளது. அதனால் செல் அதை உடனே அப்புறப்படுத்துகிறது. ஏபிசிஏ4 என்ற புரதம் தட்டின் உள்பக்கத்திலிருந்து அதை வெளிப்பக்கம் தள்ளுகிறது. அங்கே ஒரு நொதி அதை ஆல்கஹாலாக மாற்றுகிறது. ஆல்கஹால் பின்னாலுள்ள நிறமிப் படலத்துக்குப் போய், மறுபடி வளைந்த ரெட்டினலாகித் திரும்பி வருகிறது.

கடும் ஒளியில் இந்தக் கணக்கு உதைக்கிறது. ரெட்டினல் கழலும் வேகத்துக்கு நொதியால் ஈடுகொடுக்க முடிவதில்லை. தேங்கிய ரெட்டினல் இரண்டு, சவ்வுக் கொழுப்பு ஒன்றோடு சேர்ந்தால், ஏ2இ என்ற பொருளுக்கு வித்து விழுகிறது. அது நிறமிப் படலத்தில் ஆண்டுக்கணக்கில் சேரும். நீல ஒளியை உறிஞ்சி ஆக்சிஜனை வெறிபிடித்த வடிவத்துக்கு மாற்றும். தேங்கிய ரெட்டினலும் அதே வேலையைச் செய்யும்.

அந்த ஆக்சிஜனுக்குத் தீனி எது தெரியுமா? தட்டுச் சவ்வில் நிறைந்திருக்கும் டிஎச்ஏ கொழுப்பு. மீன் எண்ணெயில் இருக்கும் அதே சரக்கு. ஒரு மூலக்கூறில் ஆறு இரட்டைப் பிணைப்பு. கொழுத்த சாளையை உப்புப் போதாமல் வெயிலில் காயப்போட்டால் மஞ்சளாகிக் காறல் வாடை வருகிறதே, அதே வினைதான் கண்ணுக்குள்ளும் நடக்கிறது. ஒன்று காறினால் அடுத்ததும் காறும். சவ்வும், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் கெட்டதும், செல் தன்னைத்தானே கலைத்துக்கொள்ளும். இதற்கு மணிக்கணக்கும் நாட்கணக்கும் ஆகும். காலையில் சூரியனைப் பார்த்தவருக்கு மாலையில்தான் பார்வையின் நடுவில் கறை தெரிவது இதனால்தான். விழித்திரையில் வலி நரம்பு கிடையாது. எச்சரிக்கை எதுவும் வராது.

சாதாரண விளக்கொளியே எலிகளின் ஒளியுணர் செல்களைக் கொல்லும் என்று 1966-இல் ஆய்வாளர் நோயல் காட்டினார். 2000-இல் கிரிம் என்பவரின் ஆய்வுக் குழு, ரெட்டினலை மறுபடி வளைக்கும் ஆர்பிஇ65 நொதி இல்லாத எலிகளைக் கடும் ஒளியில் வைத்தது. ஆப்சினும் ரெட்டினலும் சேர்ந்த ரோடாப்சின் உருவாகாத அந்த எலிகளுக்குச் சேதமே இல்லை. ஒளி பட்ட ரோடாப்சினிலிருந்துதான் சேதம் தொடங்குகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இனி நடைமுறை. கிரகணத்தன்று மஞ்சள் நீரிலும் சாணித் தண்ணீரிலும் பார்ப்பது நம் பக்கத்துப் பழக்கம். உச்சி வெயிலில் தண்ணீர் சுமார் 2 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். அதாவது 50 மடங்கு குறைப்பு. சூரியனைப் பார்க்கும் கண்ணாடிக்கான பன்னாட்டுத் தரம் ஐஎஸ்ஓ 12312-2. அந்தத் தரமுள்ள கண்ணாடியோ குறைந்தது 30,000 மடங்கு குறைக்கிறது. எக்ஸ்ரே பிலிமும் புகை பிடித்த கண்ணாடியும் வெளிச்சத்தைக் குறைப்பதுபோலத் தோன்றும், கணக்குக்கு உதவாது. வெல்டிங் கண்ணாடி என்றால் 12-ஆம் எண்ணுக்குக் குறையக் கூடாது.

படகுப் பட்டறையில் கண்ணை மூடித் திறந்து வெல்டிங் பொட்டு வைக்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. இரவில் மணல் விழுந்ததுபோல் உறுத்துவது கருவிழியின் மேல்தோல். புற ஊதாக் கதிர் செய்த வேலை. ஓரிரு நாளில் ஆறிவிடும். அதே பொறியின் நீல ஒளி விழித்திரையில் செய்வது உறுத்தவே உறுத்தாது.

கடல் மினுக்கம் இந்த வகைச் சேதத்தைச் சட்டென்று செய்வதில்லை. அது அதிகம் தாக்குவது கண்ணின் முன்பகுதியை. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் 838 கடல் தொழிலாளர்களை ஆராய்ந்து 1988-இல் வெளியான ஆய்வு, புற ஊதாக் கதிர் கூடக் கூட ஒருவகைக் கண்புரை கூடுவதைக் காட்டியது. அகல விளிம்புத் தொப்பி, புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி, இரண்டும் வேண்டும்.

நடுவில் கறையோ, நேர்க்கோடு நெளிந்தோ தெரிந்தால் கண் மருத்துவமனையில், விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன் கேளுங்கள். சொட்டு மருந்து விழித்திரைக் காயத்தை ஆற்றாது. பெரும்பாலானோருக்கு 3 முதல் 6 மாதத்தில் தானே தேறும். சிலருக்குக் கறை நிலைத்துவிடும்.

2031 மே 21 அன்று தென்னிந்தியாவைக் கடந்து இன்னொரு வளையக் கிரகணம் போகிறது. பழைய கிரகணக் கண்ணாடி வீட்டில் கிடந்தால் பல்புக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை ஓட்டையோ கீறலோ தெரிந்தால், பிள்ளைகள் கையில் சிக்காமல் வெட்டிப் போட்டுவிடுங்கள்.