பழைய கள், புது மொந்தை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 1920, 30களில் ஜப்பானிய ஓவியர்கள் வரைந்த 'மோகா' படங்களில், அதாவது நவநாகரிகப் பெண்ணின் படங்களில், தெரிவது பெண்ணின் விடுதலையா, ஆணின் கற்பனையா? தலைப்பு இதுதான். கற்பனையே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

முன்னால் பேசிய சகோதரி, கோபயகவா கியோஷி 1930இல் வெளியிட்ட 'லேசான போதை' என்ற மர அச்சு ஓவியத்தைக் காட்டினார். வெட்டிய முடி, விரலிடுக்கில் சிகரெட், கோப்பைக்குள் செர்ரிப் பழம். மேசையில் முழங்கை ஊன்றிக் கூச்சமே இல்லாமல் நேராகப் பார்க்கிறாள். இது விடுதலை இல்லையா என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார்.

அம்மா, அவள் யாரைப் பார்க்கிறாள்? எதிரே இருக்கும் ஓவியரை. அப்புறம், படத்தைக் காசு கொடுத்து வாங்கப்போகிறவரை! ஆறு படங்கள் கொண்ட வரிசையில் இது முதல் படம். மற்றவற்றின் பொருள் என்ன தெரியுமா? ஒப்பனை, நகம், கண், கருங்கூந்தல், உதட்டுச் சாயம். ஒருத்தியாவது பேப்பர் படிக்கிறாளா? வேலைக்குப் போக டிராம் ஏறுகிறாளா? பழைய மர அச்சு ஓவியர் உதமாரோ 1790களில் வரைந்த அழகிகளின் பரம்பரைதான் இவர்களும். கள் பழையது, மொந்தை மட்டும் புதுசு. படம் அழகு என்பதில் எனக்கு மறுப்பில்லை. என் கைபேசியின் முகப்பிலேயே அவள்தான் இருக்கிறாள். நானும் ஆண்தானே!

சரி, தெருவுக்கு வருவோம். 1925இல் கோன் வாஜிரோ என்ற ஆய்வாளர் தோக்கியோவின் கின்சா கடைவீதியில் போவோர் வருவோர் உடையைக் கணக்கெடுத்தார். ஆண்களில் 67 சதவீதம் பேர் மேல்நாட்டு உடை. பெண்களில்? ஒரே ஒரு சதவீதம். அதே ஆண்டில்தான் 25 வயது நிரம்பிய ஆண்களுக்கெல்லாம் வாக்குரிமைச் சட்டம் வந்தது. பெண்கள் 1945 வரை காத்திருந்தார்கள்.

நடனத்துக்கு, ஓவியர் யமமுரா கோகாவின் 1924ஆம் ஆண்டுப் படத்தை எதிரணியினர் சொன்னார்கள். அது ஷாங்காயின் நியூ கார்ல்டன் விடுதி ஐயா! ஜப்பானே கிடையாது. அதிலும் முன்னால் இருக்கும் இரண்டு பெண்களும் நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தக் கால ஜப்பானிய நடனக் கூடத்தில் ஆண் சீட்டு வாங்குவான். ஒரு பாட்டுக்கு ஒரு சீட்டு. யார் சீட்டை நீட்டினாலும் அங்கே வேலை பார்க்கும் நடனப் பெண் எழுந்து ஆட வேண்டும். அந்தச் சீட்டில் ஒரு பங்குதான் அவளுக்குக் கூலி. எதிரணியினர் இங்கே காட்டிய படங்களில் அந்தச் சீட்டு எங்கே இருக்கிறது? எடுத்துக் காட்டட்டும், நான் அவர்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறேன். நன்றி.