பிறந்த ஊருக்கு விசா

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

என் இந்தியப் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் என்ற வரியில் இலங்கை மலையகத்துத் தலவாக்கலை ஊரின் பெயர் இருக்கிறது. அதைக் காட்டித்தான் முப்பது நாள் விசா எடுத்து இலங்கைக்கு வந்திருக்கிறேன். சுற்றுலா விசா. கூடப்பிறந்த அக்காவைப் பார்க்க வருவதும் அதில் சுற்றுலாதான்.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்த வம்சமான மலையகத்து மக்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. எங்கள் வீட்டில் அப்பா இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். அக்காவைக் கட்டிய அத்தான் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார். அவ்வளவுதான், குடும்பம் இரண்டாயிற்று. பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு, வரிசையில் நின்ற அந்தப் பஞ்ச காலத்தில் நாங்கள் கோச்சி, அதாவது ரயில், ஏறினோம். தலைமன்னாரில் கப்பல், மண்டபத்தில் முகாம், அப்புறம் நீலகிரியில் மறுபடியும் தேயிலை.

இந்த முறை கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தேன். ஹட்டன் தாண்டியதும் டெவன் அருவி தெரிந்தது. 1977இல் தோட்டக் காணியைக் காக்கப் போய்ச் சுடப்பட்ட சிவனு லட்சுமணனின் பெயரைப் பக்கத்தில் இருந்த பையனிடம் சொன்னேன். அவனுக்குத் தெரிந்திருந்தது. மனம் நிறைந்துவிட்டது. தலவாக்கலை டவுன்தான் எனக்குப் பிடிபடவில்லை. 2012இல் திறந்த மேல் கொத்மலை மின் திட்டத்துக்காக டவுனின் கீழ்ப்பகுதியை எடுத்துவிட்டார்கள். நான் நடந்த தெரு இருந்த பக்கம் இப்போது நீர்த்தேக்கம். சென் கிளேயர் அருவிக்கும் பகலில் கணக்குப் பார்த்துத்தான் தண்ணீர் விடுகிறார்களாம். 150 மெகாவாட் மின்சாரம் நாட்டுக்குத் தேவைதான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த அருவியை அப்படிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

கூடலூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு துண்டுக் காகிதம் கொடுத்துவிட்டிருந்தார். அதில் ஒரு தோட்டத்தின் பெயர், தங்கச்சியின் பெயர், வேறொன்றும் இல்லை. தோட்டத்துக்குப் போய் விசாரித்தேன். ஆபீசில் தெரியவில்லை, கோயிலடியில் நின்ற பிள்ளைகளுக்கும் தெரியவில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஒரு வயதான அம்மா மட்டும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "எந்தக் கங்காணி பெரட்டுங்க அவங்க?" என்று கேட்டார். எந்தக் கங்காணியின் கீழ் வேலை செய்த கூட்டம் என்று அர்த்தம். பாட்டி பேச்சுவாக்கில் சொன்ன ஒரு பெயர் எனக்கு நினைவில் இருந்தது. சொன்னேன். "அப்ப மேட்டு லயம், கோடிக் காம்பரா. அந்தம்மா செத்துப் போச்சு. மக இருக்கு, வாங்க" என்று அவரே முன்னால் நடந்தார். லயம் என்பது தோட்டத்து வரிசை வீடு, காம்பரா அதில் ஓர் அறை.

அந்த மகளின் போனிலிருந்தே கூடலூருக்கு வீடியோ கால் போட்டோம். தங்கச்சி இறந்த செய்தியைக் கேட்டுப் பாட்டி வெகுநேரம் அழுதார். அப்புறம், "போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடி கண்ணு, முகம் தெரியட்டும்" என்றார். பார்த்துவிட்டு, "நெத்தி அப்படியே எங்கம்மா" என்றார். பெரியம்மா என்று ஒருத்தி உயிரோடு இருப்பதே அந்த மகளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இரண்டு அரசாங்கங்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. ஒப்பந்தத்தின் பேரில் அனுப்பப்பட்டவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் நீண்ட கால விசா கொடுங்கள், கட்டணம் இல்லாமல். இந்த ஒப்பந்தத்தை அவர்கள் கேட்கவில்லை. கப்பலில் போன வயதானவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டிருக்கிறார்கள், ஆகவே இதில் தாமதம் கூடாது.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் லயத்தில் மூத்தவர்கள் இருந்தால் உட்காரவைத்துக் கேளுங்கள். யார் யார் இந்தியா போனார்கள், எந்தக் கங்காணி பெரட்டு, எந்த லயம், எத்தனையாவது காம்பரா என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கோயிலிலோ வாசிகசாலையிலோ அந்தக் கொப்பி இருக்கட்டும். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்களிடம் நானும் இதே விவரங்களை எழுதி வாங்கத் தொடங்கியிருக்கிறேன். அடுத்த முறை வரும்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.