புல்வெளி இருந்தால்தான் இந்தப் பூ

நேயர்களுக்கு வணக்கம். ஆர்க்கிட் என்றதும் பலருக்கும் பூக்கடையில் விற்கும் ஊதாப் பூவோ, மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளரும் செடியோதான் நினைவுக்கு வரும். மண்ணில் வேர்விட்டுப் புல்லோடு புல்லாக வளரும் ஆர்க்கிட்டுகளும் நிறைய உண்டு. அவற்றில் எனக்கு மிகப் பிடித்தது, நீலகிரியின் உயரமான புல்வெளிகளில் பூக்கும் சட்டீரியம் நேபாலென்ஸ். நேபாளத்துச் செடியை வைத்து 1825இல் தாவரவியலாளர் டேவிட் டான் சூட்டிய பெயர் அது. இமயமலை, மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதிகள், இலங்கையின் மலைநாடு ஆகிய மூன்று இடங்களிலும் இது வளர்கிறது.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, மழையில் நனைந்த புல்லுக்கு நடுவே இளஞ்சிவப்புக் கதிராக நிமிர்ந்து நிற்கும். அடியில் இரண்டு மூன்று தடித்த இலைகள், மேலே நெருக்கமாகப் பூக்கள். ஒரு பூவைக் குனிந்து பாருங்கள். பெரும்பாலான ஆர்க்கிட்டுகளில் மொட்டு தன்னையே அரைவட்டம் முறுக்கிக்கொள்ளும். அதனால் உதடு என்று சொல்லப்படும் இதழ் கீழே வந்து, பூச்சி உட்கார இடம் கொடுக்கும். இது முறுக்கிக்கொள்வதில்லை. உதடு மேலேயே நின்று முக்காடு போல் கவிந்திருக்கும். அதன் பின்னால் இரண்டு மெல்லிய குழல்கள் தொங்கும்.

பூ முடிந்தபின் இலையும் தண்டும் காய்ந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி புல்லைக் கருக்கும்போது செடி மண்ணுக்குள் கிழங்காக உயிரோடு இருக்கும். பழைய கிழங்கைச் செலவழித்துத்தான் இந்த ஆண்டுத் தண்டு எழுகிறது. அந்த இலைகள் வெயிலில் சேர்க்கும் உணவு அடுத்த ஆண்டுக்கான புதுக் கிழங்குக்குப் போகிறது. பூ அழகாயிருக்கிறதே என்று தண்டோடு பிடுங்கினால், அந்தச் சேமிப்பு பாதியில் நின்றுபோகும்.

சரி, தோண்டி எடுத்துத் தொட்டியில் வைத்துக் காப்பாற்றலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இதன் விதை தூசியளவுதான். உள்ளே சேமித்த உணவு இல்லை. மண்ணில் உள்ள பூஞ்சை உணவு கொடுத்தால்தான் காட்டில் அது முளைத்து வளரும். ஒரு செடியைத் தொட்டிக்கு மாற்றலாம். அந்த மண்ணையும் அதன் பூஞ்சைகளையும் மாற்ற முடியாது.

அதனால்தான் புல்வெளியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. மரமில்லாத மேட்டைத் தரிசு என்று வெள்ளையர் ஆட்சி எண்ணியது. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை எனப்படும் வாட்டில் மரமும், கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸும் வந்தன, தேயிலையும் பரவியது. சுதந்திரத்துக்குப் பிறகும் சீகை நடுவது நிற்கவில்லை. அதன் அடர்ந்த நிழலில் இந்த ஆர்க்கிட்டுக்கு வெளிச்சமே கிடைக்காது. மலைச்சரிவில் மரம் நடுவது எப்போதும் நல்ல காரியம்தான் என்ற எண்ணத்தை நாம் விட்டாக வேண்டும். நீலகிரிப் புல்வெளியில் அது கெடுதல்.

முக்குருத்தி தேசியப் பூங்காவின் 78 சதுர கிலோமீட்டரில் இன்னும் நல்ல புல்வெளி இருக்கிறது. மற்ற இடங்களில் சீகையை அகற்றுவது நீண்ட வேலை. மண்ணில் விழுந்த அதன் விதை பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டியபின் ஆண்டுதோறும் வந்து நாற்றுகளைப் பிடுங்க வேண்டும், ஊர்ப் புல்லை நட வேண்டும். அப்புறம்தான் ஆர்க்கிட்டுக்கு இடம் கிடைக்கும்.

நன்றி, வணக்கம்.