படகு பேட்டரியைக் கொன்னது குளிர் இல்லை… அப்போ யாரு?

[திரையில் ரெண்டு பேட்டரி. ஒண்ணு பக்கவாட்டுல வெடிச்சுக் கிடக்கு.]

குளிர்காலம் முழுக்கப் படகை ஓட்டாம நிறுத்தி வைக்கும்போது, அதோட 12 ஓல்ட் ஈய-ஆசிட் பேட்டரியை வசந்தம் வரைக்கும் எப்படிக் காப்பாத்துறதுன்னுதான் இந்த வீடியோ. இந்த ரெண்டும் ஒரே வயசு, ஒரே படகு. நேத்து ராத்திரி மைனஸ் 20 டிகிரின்னு வச்சுக்கோங்க. ஒண்ணு வயிறு வெடிச்சுக் கிடக்கு, இன்னொண்ணு ஜம்முனு உட்கார்ந்திருக்கு. குளிர்தான் காரணம்னா ரெண்டும்ல போயிருக்கணும்?

வித்தியாசம் ஒண்ணே ஒண்ணுதான். பிழைச்சது ஃபுல் சார்ஜ்ல இருந்துச்சு, செத்தது காலியா இருந்துச்சு.

இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால கொஞ்சம் நிக்கிறேன். சார்ஜ் இறங்கும்போது ஆசிட்ல இருக்கிற சல்ஃபேட் போய் ஈயப் பிளேட்ல ஒட்டிக்கும். மிச்சம் இருக்கிறது? கிட்டத்தட்ட தண்ணி! ஃபுல் சார்ஜ்ல ஆசிட்டோட அடர்த்தி, தண்ணியை 1-ன்னு வச்சா, 1.265 பக்கம் இருக்கும், அது உறைய மைனஸ் 50-க்கும் கீழ போகணும். காலியானா 1.120 பக்கம் வந்துடும், மைனஸ் 10 பக்கத்துலயே கட்டியாயிடும். தண்ணி உறைஞ்சா சுமார் 9 சதவீதம் பெருக்கும். பிளேட் வளையும், பெட்டி பிளக்கும். அப்படி உறைஞ்சதைத் தப்பித்தவறிக்கூட சார்ஜர்ல மாட்டிடாதீங்க, வெடிக்கும்.

இன்னும் வேடிக்கை இருக்கு. குளிர் பேட்டரிக்கு நல்லது! சும்மா இருந்தாலும் பேட்டரி தானா இறங்கும்ல, வெப்பநிலை 10 டிகிரி குறைஞ்சா அந்த வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதனால "பாவம் குளிருமே"ன்னு ஹீட்டர் பக்கத்துல வைக்கிறது, அன்பு காட்டியே கொல்ற கதை. ஈரமில்லாத, காத்தோட்டமான, குளிர்ந்த ஷெட்தான் சரியான இடம்.

சிமெண்ட் தரையில வச்சா சார்ஜ் இறங்கும்னு கமெண்ட்ல இப்பவே ஒருத்தர் டைப் பண்ணிட்டு இருப்பீங்க. மரப்பெட்டி பேட்டரி காலத்துப் பேச்சு அது. இப்போ பெட்டி பிளாஸ்டிக். தாராளமா தரையில வைங்க.

அப்போ பேட்டரியைக் காலி பண்றது யாரு? மெயின் சுவிட்சை அணைச்சாச்சு, அப்புறம் என்னன்னு நினைப்பீங்க. ஆனா பில்ஜ் பம்ப்போட (படகு அடியில சேர்ற தண்ணியை வெளியேத்துற பம்ப்) ஃப்ளோட் சுவிட்ச் (தண்ணி ஏறினா தானா பம்ப்பை ஓட்டுற சுவிட்ச்), கேஸ் அலாரம், ஸ்டீரியோவோட மெமரி இதெல்லாம் பெரும்பாலும் மெயின் சுவிட்சைத் தாண்டி நேரா பேட்டரியில போயிருக்கும். எல்லாம் சேர்த்து வெறும் 20 மில்லிஆம்ப்தான் இழுக்குதுன்னே வைங்க. ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர்-அவர் (பேட்டரியில எவ்ளோ சார்ஜ் இருக்குன்னு சொல்ற அளவு). 5 மாசத்துல 72! 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில முக்கால்வாசி, ஒரு விளக்குகூட எரியாமலே போச்சு. அதனால சுவிட்சை நம்பாதீங்க, கேபிளையே கழட்டுங்க.

கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஃபோட்டோ எடுத்துடுங்க. ஒரே டெர்மினல்ல நாலு வயர் இருக்கும், வசந்தத்துல எது எதுன்னு மறந்து போகும். முதல்ல மைனஸ், அப்புறம்தான் பிளஸ். மைனஸ் போயிட்டா, பிளஸ் நட்டைத் திருப்பும்போது ஸ்பேனர் எஞ்சின்ல இடிச்சாலும் பொறி பறக்காது.

படகு தண்ணியிலயே நிக்கப்போகுதா? அப்போ இந்தக் கதையே வேற. பில்ஜ் பம்ப் பேட்டரியைக் கழட்டவே கூடாது, அதுக்கு சார்ஜரும் ஓடணும். பேட்டரியைக் காப்பாத்தி படகை மூழ்கடிச்சா என்ன லாபம்?

[நெருக்கமான ஷாட்: பேட்டரியோட மேல்பக்கம்]

இதை நல்லா பாருங்க. மல்டிமீட்டரோட கறுப்பு முனையை மைனஸ் டெர்மினல்ல வச்சுட்டு, சிவப்பு முனையை வெறும் பிளாஸ்டிக் மேல மெதுவா நகர்த்துறோம். மீட்டர்ல ஓல்ட் காட்டுது! அந்த அழுக்கும் ஆசிட் ஈரமும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத வயரா மாறி, பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் பாலம் போட்டிருக்கு. ஒரு கப் தண்ணியில ஒரு டேபிள்ஸ்பூன் சமையல் சோடா கலந்து பிரஷ்ஷால தேய்ங்க. நுரை அடங்கினதும் கழுவித் துடைங்க. மூடி இறுக்கமா இருக்கணும், சோடா உள்ள போனா ஆசிட்டே கெட்டுடும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போடாம இதைச் செய்யாதீங்க.

அடுத்து சார்ஜ். மூடி திறக்கிற ரகத்துக்கு 14.4-லருந்து 14.8 ஓல்ட். ஆசிட் ஜெல்லா இருக்கிற ஜெல் ரகத்துக்கு அவ்ளோ கொடுத்தா உள்ள குமிழி வந்து திரும்ப ஒட்டாது, சுமார் 14.1 போதும். உங்க பேட்டரி லேபிள்ல என்ன போட்டிருக்கோ அதுதான் கடைசி வார்த்தை. ஹைட்ரஜன் வரும், ஜன்னலைத் திறந்து வைங்க. டிஸ்டில்டு வாட்டரை சார்ஜ் முடிஞ்சப்புறம் ஊத்துங்க, ஃபில்லர் குழாயோட (மூடிக்குக் கீழ தண்ணி ஊத்துற குழாய்) அடி விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழ வரை. பிளேட் வெளிய தெரிஞ்சா மட்டும், சார்ஜுக்கு முன்னாடி அது மூழ்குற அளவு ஊத்தினா போதும்.

மாசம் ஒருதடவை ஓல்ட் பாருங்க. 12.6-க்கு மேல இருந்தா நிம்மதி, 12.4-க்கு வந்துட்டா உடனே சார்ஜ். அதுக்குக் கீழ வாரக்கணக்குல விட்டா பிளேட்ல ஒட்டின சல்ஃபேட் கல்லா இறுகி, அப்புறம் எந்த சார்ஜருக்கும் மசியாது. ஸ்மார்ட் சார்ஜர்னா 13.2-லருந்து 13.5 ஓல்ட் ஃப்ளோட்ல (ஃபுல்லானதை அப்படியே தாங்கிப் பிடிக்கிற லேசான சார்ஜ்) மாட்டியே விடலாம். நிறுத்தத் தெரியாத பழைய ட்ரிக்கிள் சார்ஜரை மாட்டி விட்டா, தண்ணியை வத்த வச்சுடும்.

லித்தியம் வச்சிருக்கவங்களுக்கு எல்லாமே தலைகீழ்: பாதி சார்ஜ்ல கழட்டி வைங்க, ஃப்ளோட் வேண்டாம், பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழ சார்ஜ் பண்ணவே கூடாது. இதுக்குத் தனி வீடியோ வேணும்னா கமெண்ட்ல சொல்லுங்க.

வசந்தத்துல மாட்டும்போது பிளஸ் முதல்ல, மைனஸ் கடைசி. சார்ஜ் பண்ணி ஒருநாள் சும்மா விட்டு, ஆசிட் அடர்த்தியை அளக்கிற ஹைட்ரோமீட்டரால பேட்டரிக்குள்ள இருக்கிற ஆறு செல்லையும் பாருங்க. ஒரு செல் மட்டும் மத்ததைவிட 0.050-க்கு மேல குறைஞ்சிருந்தா, மீட்டர் 12.6 காட்டினாலும் நம்பாதீங்க, அந்தப் பேட்டரி முடிஞ்சது. அது இன்னொரு பேட்டரியோட பேரலல்ல (பிளஸ்ஸோட பிளஸ், மைனஸோட மைனஸ் சேர்த்து) ஜோடியா இருந்ததுன்னா ரெண்டையும் சேர்த்தே மாத்துங்க.