உடம்புக்கு நல்லது எதை வாசிப்பது? வீட்டில் இருப்பதிலிருந்தே தொடங்குவோம்

[திரையில்: காலை நேரம், கல்லடிப் பாலத்தில் நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள்]

வணக்கம். உடம்பைக் கவனமாக வைத்திருக்க என்ன புத்தகம் வாசிக்கலாம் என்று மட்டக்களப்பிலிருந்தும், கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்தும் பலர் கேட்கிறார்கள். கேட்பவர்களில் ஒரு பகுதியினர் தங்களுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று இப்போதுதான் தெரிந்துகொண்டவர்கள். இன்னொரு பகுதியினர் அம்மாவையோ அப்பாவையோ மாதாமாதம் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறவர்கள். இந்த வீடியோ முக்கியமாக அவர்களுக்குத்தான்.

புத்தகங்களுக்கு வருவோம். அதற்கு முன்னால் வாசிக்க வேண்டிய இரண்டு ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கின்றன. ஒன்று, சாப்பாட்டுப் பக்கெட்டின் பின்பக்கம். மற்றது, கிளினிக் கொப்பி.

[திரையில்: மென்பானப் போத்தல் ஒன்று, லேபலில் உள்ள நிற அடையாளம் நெருக்கமாக]

முதலில் போத்தலை எடுப்போம். இலங்கையில் 2016 ஆகஸ்ட் முதல் மென்பானங்களில் சீனியின் அளவைக் காட்ட நிற அடையாளம் போட வேண்டும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள். 2 கிராமுக்குக் குறைவு என்றால் பச்சை.

சிவப்பைக் கண்டால் எல்லோரும் யோசிக்கிறார்கள். ஏமாறுவது செம்மஞ்சளில்தான். லேபலில் 100 மில்லிக்கு 10 கிராம் சீனி என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிறம் செம்மஞ்சள். ஆனால் உங்கள் கையில் இருப்பது 500 மில்லி போத்தல். ஐந்தால் பெருக்குங்கள்: 50 கிராம். ஒரு தேக்கரண்டி சீனி சுமார் 5 கிராம் என்றால், அந்தப் போத்தலுக்குள் பத்துத் தேக்கரண்டி சீனி இருக்கிறது.

[திரையில்: கண்ணாடிக் கிளாஸ் ஒன்றில் பத்துத் தேக்கரண்டி சீனி ஒவ்வொன்றாக விழுகிறது]

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, நாம் சேர்த்துக்கொள்ளும் சீனியிலிருந்து கிடைக்கும் சக்தி ஒரு நாளுக்குத் தேவையான மொத்தச் சக்தியில் பத்து வீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படும் ஆளுக்கு அது 50 கிராம். முடிந்தால் 25 கிராமுக்குள் வைப்பது இன்னும் நல்லது என்றும் அதே வழிகாட்டல் சொல்கிறது. படுவான்கரையில் வெயிலில் வயல் வேலை செய்துவிட்டு வருகிறவர் ஒரே மூச்சில் முழுப் போத்தலையும் குடிக்கிறார். அன்றைய அளவு அதோடு முடிந்தது. காலையில் குடித்த பிளேன்ரீயின் சீனி இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. நிறம் 100 மில்லிக்குத்தான், போத்தலுக்கு இல்லை. இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். அவர்கள் கணக்கை நம்மைவிட வேகமாகச் செய்வார்கள்.

பிஸ்கட், நூடில்ஸ், மிக்சர் மாதிரியான திண்ம உணவுகளிலும் இதே நிறங்கள் வருகின்றன. அங்கே சீனி, உப்பு, கொழுப்பு மூன்றுக்கும் தனித்தனி அடையாளம். 100 கிராமில் உப்பு 1.25 கிராமைத் தாண்டினால் சிவப்பு. சில பக்கெட்டுகளில் உப்பு என்று இராது, சோடியம் என்று மில்லிகிராமில் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு சேர வேண்டும். (கருவாட்டுக்கு லேபல் இல்லை. பிரஷர் உள்ள வீட்டில் பக்கெட்டை மட்டும் பார்த்துவிட்டுக் கருவாட்டையும் ஊறுகாயையும் மறந்துவிட வேண்டாம்.)

[திரையில்: பிஸ்கட் பக்கெட்டின் முன்பக்கம், பிறகு பின்பக்கம்]

அடுத்தது சேர்பொருள் பட்டியல். எது நிறையில் கூடவோ அது முதலில் வரும், குறைந்தது கடைசியில் வரும். பக்கெட்டின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் குரக்கன் என்று இருக்கும், கதிரின் படமும் இருக்கும். திருப்பிப் பாருங்கள். கோதுமை மா, சீனி, மரக்கறி எண்ணெய், அதற்குப் பிறகுதான் குரக்கன் மா என்று இருந்தால், நீங்கள் வாங்குவது கோதுமை மா பிஸ்கட். சீனி வருத்தக்காரருக்கு நல்லது என்று நம்பிக் கூடக் காசு கொடுத்து வாங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

[திரையில்: கிளினிக் கொப்பியின் ஒரு பக்கம், பெயர் மறைக்கப்பட்டிருக்கிறது]

சரி, இனி கிளினிக் கொப்பி. பலர் இதை நம்பர் எடுக்கும் சீட்டைப்போல வைத்திருக்கிறார்கள். உள்ளே உங்கள் உடம்பின் வரலாறே இருக்கிறது. 140/90 என்ற மாதிரி இரண்டு எண்கள் இருந்தால் அது இரத்த அழுத்தம். மேலே உள்ளது இதயம் சுருங்கும்போது, கீழே உள்ளது அது தளரும்போது. 140/90ஐத் தொட்டோ தாண்டியோ இருந்து, வெவ்வேறு நாள்களில் பார்த்தும் அப்படியே இருந்தால், உயர் இரத்த அழுத்தம் என்பார்கள். எஃப்.பி.எஸ். என்று இருந்தால் அது வெறும் வயிற்றில் எடுத்த சீனி அளவு. அது டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராம் (mg/dL) அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவுக்கான எல்லை.

எச்.பி.ஏ.1.சி. என்றும் ஒரு சோதனை உண்டு. கிளினிக்குக்கு இரண்டு நாளைக்கு முன்னாலிருந்து சோற்றைக் குறைத்து, இனிப்பைத் தள்ளிவைத்துவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். அன்றைக்கு எஃப்.பி.எஸ். அழகாக இருக்கும். ஆனால் சிவப்பணு ஒன்று இரத்தத்தில் கிட்டத்தட்ட 120 நாள்கள் வாழ்கிறது. அந்தக் காலம் முழுவதும் அதில் சீனி ஒட்டிக்கொண்டே இருக்கும். இந்தச் சோதனை அதைத்தான் அளக்கிறது. அதனால் கடந்த இரண்டு மூன்று மாத நிலைமை அதில் தெரிந்துவிடும். உங்களுக்கு எந்த அளவு சரி என்பதை வயதையும் மற்ற வருத்தங்களையும் பார்த்து வைத்தியர் சொல்வார். அந்த இலக்கைக் கேட்டுக் கொப்பியிலேயே எழுதி வையுங்கள்.

மருந்துப் பக்கத்தில் உள்ள சுருக்கெழுத்துகளும் பழக வேண்டியவை. மேனே என்றால் காலையில். நொக்டே என்றால் இரவில். பி.டி. என்றால் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை. வீட்டில் வாசிக்கக் கஷ்டப்படும் பெரியவர் இருந்தால், குளிசை உறையில் சூரியனையும் பிறையையும் பேனையால் வரைந்துவிடுங்கள். அது போதும்.

[திரையில்: பாடசாலைப் பாடநூல்கள் அடுக்கிய மேசை]

இப்போது புத்தகம். நான் முதலில் சொல்லப்போவது கடையில் காசு கொடுத்து வாங்குவது இல்லை. பாடசாலையில் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் ‘சுகாதாரமும் உடற்கல்வியும்’ பாடநூல். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தமிழில் வெளியிடுவது. தரம் 10, 11 நூல்களை எடுங்கள். நம் நாட்டுச் சாப்பாட்டையும் நம் நாட்டு வருத்தங்களையும் வைத்து எழுதியது, யாருக்கும் எதையும் விற்பதற்காக எழுதியதில்லை. சமிபாடு, குருதிச் சுற்றோட்டம் எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் தரம் 11 விஞ்ஞான நூலையும் பக்கத்தில் வையுங்கள். பிள்ளை சோதனை முடித்ததும் இந்தப் புத்தகங்களைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதீர்கள்.

தமிழில் மருத்துவம் வாசிப்பது புதிய விஷயமும் இல்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, மகப்பேறு, சத்திரசிகிச்சை, இரசாயனம் என்று நூல்களைத் தமிழாக்கினார், மாணவர்களையும் அந்த வேலையில் சேர்த்துக்கொண்டார். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் முடிந்தது இப்போது ஏன் முடியாது என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

அதற்கும் முந்திய நம் சித்த மருத்துவ ஏடுகள், பரராசசேகரம், செகராசசேகரம் போன்றவை அச்சில் வந்திருக்கின்றன. ஈழத்துப் பழைய நூல்கள் பலவற்றை ‘நூலகம்’ இணையத்தில் இலவசமாகவே வாசிக்கலாம். ஆசையோடு வாசியுங்கள், நம் முன்னோர் உடம்பை எப்படிப் பார்த்தார்கள் என்பது தெரியும். ஆனால் அதில் உள்ள செய்முறையைப் பார்த்து வீட்டில் மருந்து தயாரிக்க வேண்டாம். பாஷாணமும் உலோகமும் சேரும் மருந்துகளும் சித்த மருத்துவத்தில் உண்டு. பதிவு பெற்ற சித்த வைத்தியரிடம் போவதுதான் வழி.

[திரையில்: புத்தகக் கடைத் தட்டு]

கடையில் வேறொரு புத்தகம் கண்ணில் பட்டால்? எழுதியவர் யார், எந்த ஆண்டுப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். ஒரே பொருள் எல்லா வருத்தத்தையும் அடியோடு மாற்றும் என்று சொன்னால் திரும்ப வைத்துவிடுங்கள். குளிசையை நிறுத்தச் சொல்கிறதா? இரண்டாவது பக்கம் புரட்ட வேண்டாம். இன்சுலினை இப்படி நிறுத்தியவர்கள் மயங்கிய நிலையில் ஆஸ்பத்திரிக்கு வருவது வைத்தியர்கள் நன்றாக அறிந்த விஷயம். வட்ஸ்அப்பில் வரும் செய்திக்கும் இதே சோதனைதான்.

வாசிக்கும்போது தோன்றும் கேள்விகளைக் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். அங்கே ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். அதனால் இரண்டு கேள்வி போதும், முக்கியமானது மேலே. வரிசையில் இருக்கும்போதே அந்தப் பக்கத்தைத் திறந்து கையில் வைத்திருங்கள்.