விசிலுக்கு வழக்கு, விரலுக்கு விலக்கா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த வெயில் நாளிலும் திரளாக வந்திருக்கும் வேலூர்ப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆட்டக்களத்தில் அமைதி கெடப் பெரிதும் காரணம் ரசிகர்களின் அத்துமீறலா, நடுவர் முறையின் குறைபாடா என்பது இன்றைய பட்டிமன்ற வழக்கு. நடுவர் முறையின் குறைபாடே என்பது எங்கள் அணியின் வாதம். எதிரணித் தலைவர், 1996 உலகக் கோப்பை அரையிறுதியில் ஈடன் கார்டன்ஸ் அரங்கில் பாட்டில்கள் பறந்ததையும், ஆட்டத்தைத் தொடர வழியில்லாமல் போட்டி நடுவர் கிளைவ் லாயிட் வெற்றியை இலங்கைக்கு வழங்கியதையும் உருக்கமாக எடுத்துரைத்தார். அவர் சொன்னது உண்மை. அன்று கலவரத்துக்குக் காரணம் நடுவர் தீர்ப்பு அல்ல, தோல்வியைத் தாங்க மாட்டாதவர்களின் ஆத்திரம். அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் அதே அரங்கின் இன்னொரு நிகழ்ச்சியை அவர் வசதியாக விட்டுவிட்டார்.

1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானிடம் இந்தியா 12 ரன்னில் தோற்றது. சச்சின் 136 ரன் அடித்தும் கைக்கெட்டிய வெற்றி நழுவிய அந்தத் தோல்விக்குப் பிறகு, நம் சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டி, வென்ற பாகிஸ்தான் அணியினரை அரங்கைச் சுற்றி வரச் செய்தார்கள். மூன்று வாரத்துக்குள், அதே பாகிஸ்தானுக்கு எதிராகக் கொல்கத்தாவின் அந்த ஈடன் கார்டன்ஸிலேயே, ஓடும்போது சோயப் அக்தர்மீது மோதியதால் கோட்டை எட்ட முடியாத சச்சினுக்கு 'ரன் அவுட்' தீர்ப்பு வந்தது. விதிப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் மோதலை ஏன் கணக்கில் கொள்ளவில்லை என்று கொதித்துக் கிடந்த கூட்டத்துக்கு விளக்கிச் சொல்ல ஆளில்லை. பொருள்கள் வீசப்பட்டன, மறுபடியும் கலவரம் மூண்டபோது, எறிந்தவரையும் எறியாதவரையும் பிரித்துப் பார்க்காமல், ஏறத்தாழ 65,000 பேரையும் காவல்துறை வெளியேற்றியது. மீதி ஆட்டம் காலி நாற்காலிகளுக்கு முன் நடந்து முடிந்தது. ரசிகன் இயல்பிலேயே முரடன் என்றால் சேப்பாக்கம் எப்படி நிகழ்ந்தது என்று எதிரணியினர் விளக்க வேண்டும்.

நடுவர் தவறக்கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. தவறாத மனிதன் எங்கும் இல்லை. எங்கள் வழக்கு, தவறுக்குப் பின் நிலவும் மௌனத்தைப் பற்றியது. 2008 சிட்னி டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ சைமண்ட்ஸ் 30 ரன்னில் இருந்தபோது, விக்கெட் கீப்பர் கையில் விழுந்த பந்து அவர் மட்டையில் உரசிய சத்தம் வீட்டுத் தொலைக்காட்சி வரை கேட்டது, நடுவருக்குக் கேட்கவில்லை, சைமண்ட்ஸ் ஆட்டமிழக்காமல் 162 எடுத்தார். 2019இல் பெங்களூரு ஐ.பி.எல். ஆட்டத்தில் மலிங்கா வீசிய கடைசிப் பந்து, கோட்டைத் தாண்டிக் கால் வைத்து வீசிய 'நோ பால்' என்பதை அரங்கின் பெரிய திரை காட்டியபோது, ஆட்டம் முடிந்து வீரர்கள் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூச்சலுக்குப் பிறகுதான், அடுத்த ஆண்டு முதல் ஐ.பி.எல்.லில் முன்கால் நோ பாலைக் கவனிக்கும் பொறுப்பு, களத்துக்கு வெளியே திரையில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் மூன்றாம் நடுவரிடம் போனது. அரங்கில் எழும் ஆதங்கமெல்லாம் ஒழுங்கீனம் என்று அன்றே அடக்கியிருந்தால் இந்தத் திருத்தம் வந்திருக்குமா?

கேள்வி கேட்டவருக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் பாருங்கள். 2023 ஏப்ரலில் சேப்பாக்க ஆட்டத்தில், பனியில் நனைந்த பந்தை நடுவர்கள் தாமாகவே மாற்றியது தமக்கு வியப்பாக இருந்தது என்று நம் அஸ்வின் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அதற்கு அபராதம், ஆட்ட ஊதியத்தில் 25 விழுக்காடு. அஸ்வினுக்கே இந்த நிலை என்றால், காட்பாடியில் ரயிலேறிப் போய்ச் சேப்பாக்க வாசலில் கைப்பையையும் குழந்தையின் தண்ணீர் பாட்டிலையும் பறிகொடுத்துவிட்டு உள்ளே நுழையும் சாமானியன் எம்மாத்திரம்? அவனுக்கு இன்னொரு அநியாயமும் காத்திருக்கிறது. மூன்றாம் நடுவர் எந்தக் கோணத்தைப் பார்க்கிறார், எதைக் கேட்கிறார் என்ற உரையாடல், வீட்டில் கால் நீட்டி அமர்ந்து பார்ப்பவருக்குத் தெளிவாகக் கேட்கிறது; பணம் கொடுத்து நேரில் வந்தவருக்குப் பெரும்பாலும் திரையில் ஒற்றைச் சொல் மட்டும்தான்.

நடுவர் அவர்களே, தாங்களும் தீர்ப்புச் சொல்லப் போகிறீர்கள். இரு பக்கத்தையும் அலசி, காரணத்தை விரித்துரைத்த பிறகே சொல்வீர்கள். தோற்ற அணியும் சிரித்துக்கொண்டே இறங்கிப் போகும். சற்று நீளமாகவே பேசுவீர்கள் என்பது வேறு விஷயம்.

வெகுதூரம் போவானேன்? நம் வட ஆற்காட்டு எருது விடும் விழாவை எடுத்துக்கொள்வோம். தெருவின் இருபுறமும் தடுப்புக் கட்டி, குறித்த தூரத்தை எந்தக் காளை குறைந்த நேரத்தில் கடக்கிறது என்று பார்த்துப் பரிசு கொடுக்கிறோம். முதல் பரிசுக்கும் இரண்டாம் பரிசுக்கும் இடையே ஒரு நொடியின் சிறு பகுதிதான் வித்தியாசம். மேடையில் ஒருவர் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, யாருக்கும் காட்டாமல் தாளில் குறித்து, ஒலிபெருக்கியில் எண்ணை மட்டும் சொன்னால், காளைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேடையை நோக்கி நடப்பார். பின்னால் ஊரே நடக்கும். அதற்குப் பின்னால் காவலர் தடி வரும். நேரம் எல்லோர் கண்ணெதிரே திரையில் ஓடினால், அதே காளைக்காரர் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார். ஓடுபாதைக்குள் குதித்துக் காளையைச் சீண்டும் இளைஞர்களை அடக்கத்தான் வேண்டும், அது உயிர் காக்கும் காரியம். நேரம் கேட்டு வந்தவர்மீதும் அதே தடி விழுவதைத்தான் மறுக்கிறோம்.

நம் வேலூர்ச் சத்துவாச்சாரி சதீஷ்குமார் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வென்ற பளுதூக்குதலில், மூன்று நடுவர்களின் முடிவும் வெள்ளை, சிவப்பு விளக்குகளாக அரங்கம் முழுவதற்கும் தெரியும், பெரும்பான்மைதான் தீர்ப்பு, அதற்கும் மேலே ஒரு நடுவர் குழு உண்டு. ஒளிக்க இடமில்லாத முறை அது.

தண்டனையே வேண்டாமா என்று எதிரணியினர் கேட்பார்கள். வேண்டும், செய்தவனுக்கு வேண்டும். 2021 ஜனவரியில் சிட்னியில், கூட்டத்தில் சிலர் தம்மை இழிவாகப் பேசியதாக நம் பந்துவீச்சாளர் முகமது சிராஜ் புகார் சொன்னதும், ஆட்டத்தை நிறுத்திவிட்டு, குறிப்பிட்ட ஆறு பேரை மட்டும் அரங்கிலிருந்து வெளியேற்றினார்கள். மற்றவர்கள் ஆட்டத்தைப் பார்த்தார்கள். நம் ஊரிலோ 2018இல் காவிரிப் போராட்டத்தின்போது சேப்பாக்கத்தில் செருப்பு வீசியவர்கள் ஒரு சிலர். அந்த ஐ.பி.எல். பருவத்தில் சென்னையில் நடக்க மீதமிருந்த ஆட்டங்கள் அனைத்தும் புணேவுக்குப் போயின. இருக்கைக்கு இருக்கை எண் இருக்கிறது, மூலைக்கு மூலை கேமரா இருக்கிறது. பிறகு ஏன் கூட்டத்துக்கே தண்டனை?

ஆகவே எங்கள் அணி கேட்பது இவ்வளவுதான். மூன்றாம் நடுவரின் குரல் அரங்கில் இருப்பவருக்கும் கேட்கட்டும். வீரரின் அபராதத்தை அறிவிக்கும் அதே அறிக்கையில் நடுவரின் தவறும் இடம்பெறட்டும். எறிந்தவனைப் பிடியுங்கள், பக்கத்து நாற்காலிக்காரனை விடுங்கள். இவ்வளவையும் செய்த பிறகும் பாட்டில் பறந்தால், அடுத்த பட்டிமன்றத்தில் நானே எதிரணியில் அமர்ந்து ரசிகர்களுக்கு எதிராக வாதாடுகிறேன். நன்றி, வணக்கம்.